சரி போட்ட சீட்டு

மார்ச் 3, திங்கள்
நாங்கள் தயாரிக்கும் அகராதியில் இன்று எனக்கு எழுத வந்த சொல் 'அதைரியப்படு'. பொருள் எளிது: மனவலிமை இழ, நம்பிக்கை தளர். எடுத்துக்காட்டு வாக்கியம்தான் அமையவில்லை. பேச்சிலும் எழுத்திலும் இருந்து தொகுத்த சீட்டுகளில் எல்லாம் 'அதைரியப்படாதே' என்று பிறருக்குச் சொல்வதாகவே இருக்கிறது. தன்னைப் பற்றி யாரும் சொல்லிக்கொள்வதில்லை. கணவரிடம் கேட்டேன். "எனக்கு தைரியமே போச்சுன்னுதான் சொல்வேன். இதையெல்லாம் யாரு பேசுறா?" என்றார்.

மார்ச் 5
போன பதிப்பில் நான் விட்ட பிழையை ஒரு வாசகர் கடிதம் போட்டுக் காட்டியதிலிருந்து, நான் பொருள் எழுதும் சீட்டுகளைச் சரிபார்க்கப் புதியவர் ஒருவரை உட்கார வைத்திருக்கிறார் பதிப்பாசிரியர். வெயிலோ மழையோ அந்தப் புதியவர் குடையோடுதான் வருவார். நான் வைத்த பெயர் 'குடை'.

சீட்டுகள் ஒரு திருத்தமும் இல்லாமல் திரும்புகின்றன. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை. ஏதோ நோட்டில் எழுதுகிறார். நான் பக்கத்தில் போனால் மூடிவிடுகிறார். என் தப்பையெல்லாம் சேர்த்துவைத்து மொத்தமாக மேலே கொடுக்கப்போகிறாரோ?

மார்ச் 6
என்னைப் பார்த்து 'அக்கா' என்று சிரிக்கிறார். எதற்கு?

மார்ச் 10
ஒரு காரியம் செய்தேன். 'அதைரியப்படு — கோபம் கொள்' என்று வேண்டுமென்றே தப்பாக எழுதி அவர் மேசையில் வைத்தேன். என்னிடம் வந்து சொன்னால் நல்லவர். பதிப்பாசிரியரிடம் போனால் அவர் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மார்ச் 11
இரண்டும் இல்லை. 'சரி' போட்டு நேராக அச்சுக்கு அனுப்பிவிட்டார்!

மார்ச் 12
அச்சிலிருந்து திருத்தத்துக்கு வந்த மெய்ப்பில் பதிப்பாசிரியர் பிடித்துவிட்டார். "இதைக்கூடப் பாக்கலைன்னா உங்களுக்கு எதுக்கு இந்த நாற்காலி?" — குடையைப் பார்த்து, எல்லார் முன்னாலும். நாளையிலிருந்து வர வேண்டாம் என்கிற அளவுக்குப் பேச்சு போயிற்று. குடை என் பக்கம் கைகாட்டவே இல்லை. "அக்கா எழுதினதாச்சேன்னு படிக்காமலே சரி போட்டுட்டேன் சார். என் தப்புதான்" என்றார். நோட்டு மேசையில் திறந்து கிடந்தது. பக்கம் பக்கமாக என் வாக்கியங்கள். பார்த்து எழுதிப் பழகியிருக்கிறார்.

ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான்? எழுந்து உண்மையைச் சொன்னேன்.

மார்ச் 17
இரண்டு பேருக்கும் வேலை தப்பியது. இன்று என் சீட்டுகள் பதினொன்றும் திரும்பி வந்தன. வரிக்கு வரி பென்சில் கோடு. மூன்று இடத்தில் கேள்விக்குறி, மூன்றும் நியாயமானவை.

"பாத்துட்டேன் மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்.