அண்ணன் கேட்ட படக்கதை

சங்கரன்கோவில்,
செவ்வாய்க்கிழமை

அண்ணனுக்கு,

ஜெயில்ல பொழுது போகல, டிவியில இப்ப என்னென்ன ஓடுதுன்னு எழுதச் சொல்லுன்னு அம்மாகிட்ட சொன்னியாம். எழுதுதேன்.

ஏழரை மணி சீரியல்ல மாமியாக்காரி இன்னும் பால்ல வெசம் கலக்கிட்டுத்தான் இருக்கா. கலக்குத கையில அத்தனை வளையல். சகிக்கல.

போன வாரம் ஒரு படம் போட்டான். நம்ம ஊர்ப்பக்கம் நடக்குத கதையாம். வந்தவன் போனவன் எல்லாரு கையிலயும் அருவா. வெட்டுப்பட்டவன் கீழ கெடந்துகிட்டு பொண்டாட்டிகிட்ட முழ நீளத்துக்கு வசனம் பேசுதான். பொய். நீ வெட்டுனப்ப, நான் வேற சாதியில விரும்பிக் கட்டுன மனுசன் ஒரு வார்த்தை பேசல. கழண்டு விழுந்த ஒத்தச் செருப்பைக் கையால தடவித் தேடுனாரு. ரெண்டாவது வெட்டு அந்தக் கையில விழுந்துச்சு. மியூசிக் ஒண்ணும் வரல. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துல நான் கத்துனது தெருவுக்கே கேக்கல.

ரத்தத்தைக் கழுவுததை எந்தப் படத்துலயும் காட்ட மாட்டேங்கானுவ. வாசப்படிக் கல்லுல இன்னும் போகல.

ஜாமீன் கெடைச்சதும் என் பிள்ளையைப் பாக்க வாரேன்னும் சொன்னியாம். படத்துல அந்த எடத்துல தங்கச்சி அழுதுகிட்டே பிள்ளையை அண்ணன் கையில குடுப்பா. தியேட்டர்ல எல்லாரும் கைதட்டுவாவ. ஒம் பக்கத்துல உக்காந்து நானும் தட்டியிருக்கேன்.

வா. அருவாமனையைச் சாணை பிடிச்சு வச்சிருக்கேன். அன்னைக்கு ஓடுன அதே தறி பக்கத்து வீட்டுல இன்னும் ஓடுது.

இப்படிக்கு,
நீ தாலியறுத்த உன் தங்கச்சி