சுழுத்தி என்று எழுதினேன்

மார்ச் 4
டயர் கடை மாடியிலுள்ள தியான மையத்தில் இன்று எனக்கு முதல் நாள் பரிசோதகர் வேலை. தியானம் முடித்து எழுந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்துப் படிவத்தில் குறிக்க வேண்டும்: சுழுத்தியா, துரியமா? இரண்டிலும் நினைப்பு நின்றுவிடும். சுழுத்தி வெறும் ஆழ்ந்த தூக்கம், தான் இருந்ததே தெரியாது. துரியத்தில் தான் இருப்பது மட்டும் தெரியும்.

பதினாறு வருடம் உட்கார்ந்தவள், பழம் தின்று கொட்டை போட்டவள் என்று பொறுப்பாளர் எல்லார் முன்னாலும் புகழ்ந்தார். என் படிவத்தில் துரியம் என்றுதான் இருக்கிறது. எந்தப் பதிலுக்கு அப்படி எழுதுவார்கள் என்று தெரிந்துகொண்டு சொன்ன பதில். இங்கே தவிர இதை எங்கே எழுத?

மார்ச் 11
பதினோரு பேர். பத்துப் பேர் தூங்கினார்கள், ஒருவர் பொய் சொன்னார். பொய் உடனே தெரிந்துவிடுகிறது. எனக்குத் தெரியாமல் போகுமா?

மார்ச் 18
நாத்தனார் வந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் தையல் மிஷினில் இருப்பவள். நான் நச்சரித்ததால் இரண்டு மாதமாகத் தியானத்துக்கு வருகிறாள்.

"ஒண்ணுமே இல்ல அண்ணி. சத்தம் கேக்கல, உடம்பு தெரியல. ஆனா இருந்தேன். யாரோ முழிச்சுக்கிட்டே இருந்த மாதிரி... இது எதாவது வியாதியா?"

இதைப் பற்றி ஒரு வரி படிக்காதவள். யாரும் சொல்லிக்கொடுத்த பதில் இல்லை இது. வயிறு எரிந்தது எனக்கு. பதினாறு வருஷம்! நேத்து வந்தவளுக்கு —

"தூக்கம்தான். வேலைக் களைப்பு" என்றேன். சுழுத்தி என்று எழுதினேன்.

மார்ச் 19
திருத்திவிடலாம். ஒரு போன் போதும்.

மார்ச் 25
போன் செய்யவில்லை. அவளும் வரவில்லை. வராதது நிம்மதியாக இருந்தது. சீ, என்ன ஜென்மம் நான்.

ஏப்ரல் 27
தாங்க முடியாமல் அவள் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் முந்திக்கொண்டாள்.

"அது அப்புறமும் வந்துச்சு அண்ணி. மிஷின்ல உக்காந்திருக்கும்போதே வந்துச்சு. தூங்கிப்போயி விரல்ல ஊசிய ஏத்திக்கப் போறேனேன்னு பயம். வர்றப்பல்லாம் தொடையக் கிள்ளிக்கிட்டேன். இப்ப பத்து நாளா வர்றதே இல்ல. கண்ண மூடி உக்காந்து பாத்தேன், அப்பவும் வரல."

என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேளை, நீங்க சொன்னீங்க."

நல்லதாப் போச்சு என்றேன்.