ஆமணக்குக்கு இந்தப் பக்கம்

எதைச் சொன்னாலும் ‘சரி, சரி’ என்று தலையாட்டிவிட்டு உங்கள் இஷ்டப்படியே செய்த என் மாமாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து மழை சரியில்லை. போர்வெல் காற்றைத்தான் கக்குகிறது. ஊரே பௌர்ணமிக்கு மலையைச் சுற்றிவந்து மழை கேட்கிறது. வருகிற மழையை உள்ளே வாங்க நம் மண்ணுக்குத் துப்பில்லை, அதை யாரிடம் போய்ச் சொல்ல?

போன ஆடியில் ஒரு நல்ல மழை பெய்தது. கடலை போட்டிருந்த நம் மல்லாட்டைக் கொல்லையில் விழுந்த தண்ணீர், தார் ரோட்டில் ஓடுகிற மாதிரி ஓடி ஓடையில் விழுந்தது. ஒரு வாரம் வெயில் காய்ந்ததும் செடியெல்லாம் தொங்கிவிட்டது. வீட்டுச் சாப்பாட்டுக்கென்று கிழக்கு மூலையில் மருந்தடிக்காமல் விட்டீர்களே, அந்தத் துண்டு மட்டும் பச்சையாக நின்றது.

மண்வெட்டியால் இரண்டு பக்கமும் கொத்திப் பார்த்தேன். துண்டில் மண் பொலபொலவென்று வந்தது. அடியில் ஈரம், மண்புழு நெளிந்தது. இந்தப் பக்கம் ஓடு மாதிரி பெயர்ந்தது, ஓர் எறும்பு இல்லை. வருஷா வருஷம் குருணை மருந்தைத் தூவி, டேங்க்கை முதுகில் மாட்டி அடித்து, பூச்சியோடு மண்ணைக் கிளறுகிற உயிரையும் கொன்றாகிவிட்டது. அப்புறம் தண்ணீர் எந்த வழியாக இறங்கும்?

தெரியாமல் செய்திருந்தால் மனசு ஆறும். நீங்கள்தானே அந்த மூலைக்கு எல்லையாக ஆமணக்கு நட்டு, “ஆமணக்குக்கு இந்தப் பக்கம் அடிக்காதடா, இது நம்ம வாய்க்குப் போறது”னு நம் மகன் குமாரிடம் சொன்னீர்கள்? மற்றதெல்லாம் யார் வாய்க்குப் போனது மாமா?

அன்றைக்கு அவன், “செடி வாடுதும்மா, மருந்து இன்னும் ஜாஸ்தி அடிக்கணும்” என்றான்.

“பூச்சியால வாடலடா. ஈரம் நிக்கல.”

“ஊரே அடிக்குது. அப்பா இன்னா முட்டாளா?”

“முட்டாளா இருந்திருந்தா நான் ஏன்டா இப்படிப் பொலம்பப் போறேன்?”

பொய் சொல்ல மாட்டேன், துண்டிலும் கம்பளிப்பூச்சி தின்றது. ஆனாலும் அங்கேதான் பிடுங்கினால் வேரில் கடலை இருந்தது.

அதனால் இந்த வருஷம் விதைக்கும்போது, ஆமணக்கைக் கொண்டுபோய்க் கொல்லையின் நடுவில் ஊன்றினேன். டேங்க்கோடு வந்த குமார், முளைத்திருந்த வரிசையைப் பார்த்து நின்றுவிட்டான்.

“இன்னாம்மா, ஆமணக்கு நடந்து வந்துடுச்சா?”

“உங்கப்பா பேச்ச மீறணும்னா தாண்டிப் போய் அடி.”

முணுமுணுத்தான். பக்கத்துக் கொல்லைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, “எங்கம்மா வேலயப் பாருங்க”னு சிரித்தான். ஆனால் தாண்டவில்லை.

இருந்தவரை என் பேச்சைக் கேட்கவில்லை. இப்போதாவது எனக்கு ஒத்தாசையாக இருக்கிறீர்கள்.

அடுத்த விதைப்புக்கு ஆமணக்கு இன்னும் தள்ளிப் போகும். மேற்கு வரப்பைத் தொடுகிற வரை நான் விடப்போவதில்லை. கோபம் இருந்தால் கனவில் வந்து திட்டுங்கள். நானும் ‘சரி, சரி’ என்று தலையாட்டுகிறேன்.

உங்கள் அக்கா மகள், குமாரின் அம்மா,
சரோஜா