நான் உனக்குப் போட்ட மதிப்பெண்

இன்று காலை கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு வெளியே யாரோ ஆட்டோவைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். கருகிய கிரீஸ் வாடை. உன் சட்டையின் வாடை. நான் நிற்கவில்லை. வேகமாக நடந்தேன்.

நீ அத்திப்பட்டில் ஏறி எனக்கும் இடம் பிடித்து வைப்பாய். நான் பொன்னேரியில் ஏறுவேன். ஆலைக்குள் போனதும் நீ பம்ப் அறைக்கு, நான் ஏசி அறைக்கு.

அங்கே உட்கார்ந்துதான் பம்புகளைக் கண்காணிக்கும் மென்பொருளில், தாமாகவே முடிவெடுக்கும் மூன்று ஏஜென்டுகளை அமைத்தேன். சூட்டைக் கவனிக்க ஒன்று. பழுதை முன்கூட்டிச் சொல்ல ஒன்று. எதை எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்க ஒன்று. யார் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு மதிப்பெண். மற்றவற்றோடு ஒத்துப்போனால் ஏறும், முரண்பட்டால் இறங்கும். நீ டேப்லெட்டில் தட்டும் தகவலையும் நான்காவது ஏஜென்டாகச் சேர்த்தேன். அப்போது அது நேர்த்தியாகத் தெரிந்தது.

"எனக்கு மார்க் போட நீ இன்னா வாத்தியாரா?" என்று சிரித்தாய்.

உன் மதிப்பெண் இறங்கிக்கொண்டே வந்தது. பம்பைத் தொட்டுப் பார்த்து நீ சொன்னதையெல்லாம் மூன்றும் மறுத்தன. ஒருநாள் டீக்கடையில் சிரிக்காமல் சொன்னாய். "மச்சான், மூணும் அந்த ஒரே சென்சார கேட்டுக்கினு வந்து பேசுது. அது பொய் சொன்னா மூணும் பொய்தான்டா."

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

அடுத்த வாரம், பம்பின் பேரிங் சுடுகிறது, நிறுத்துங்கள் என்று மூன்று முறை தட்டினாய். நிறுத்தும் அதிகாரத்தை உன்னிடமிருந்து எடுத்து மென்பொருளிடம் கொடுத்திருந்தோம். அது உன்னை நம்பவில்லை. பம்ப் இறுகிப்போய், ஆலை இரண்டு நாள் முடங்கியது.

விசாரணைக்கு முன்பே எனக்குத் தெரியும். சூட்டை அளக்கும் அந்தச் சென்சார் பல நாட்களாக ஒரே எண்ணில் உறைந்து கிடந்தது.

ஏன் இவன் சொன்னதை எடுக்கவில்லை என்று மேலாளர் கேட்டார். நீ எதிரே நின்றிருந்தாய்.

"அவரோட பழைய ரிப்போர்ட் எதுவும் சரியா வரல சார்" என்றேன்.

உன்னை 'அவர்' என்றது அன்றுதான். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நானே திருத்திச் சொல்வேன் என்று காத்திருந்தாயோ என்னவோ.

அந்த மாதத்தோடு உன் ஒப்பந்தத்தை முடித்தார்கள். அதற்கு முன்பே, உன் முகத்தைப் பார்க்காமலிருக்க, நான் முந்தைய ரயிலுக்கு மாறியிருந்தேன். மழைக்காலத்தில் மஞ்சள் காமாலையில் நீ செத்துப்போனாய். உன்னைக் கடைசியாகப் பார்க்க அத்திப்பட்டு வரை வந்தேன். நடைமேடையிலேயே நின்றுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினேன்.

பிறகு மென்பொருளைத் திருத்தினேன். ஒரே சென்சாரைக் கேட்டுப் பேசுகிற ஏஜென்டுகள் எத்தனை இருந்தாலும் இனி ஒரே சாட்சிதான். தொட்டுப் பார்த்தவர் சொன்னால் முதலில் நிறுத்த வேண்டும், கேள்வியெல்லாம் பிறகு. நன்றாக வேலை செய்கிறது.

சென்ற வாரம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதை விளக்கினேன். ஒரு பெண், இது உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டாள்.

உன் பெயர் நாக்கு வரை வந்தது.

"சும்மா யோசிச்சிக்கினு இருந்தப்ப தோணுச்சு" என்றேன்.

நீ டீக்கடையில் சொன்னதை அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். கீழே என் பெயரைப் போட்டாள். எழுத்து சரிதானா என்று என்னிடம் காட்டினாள். சரி என்றேன்.