என்னிடம் மட்டும் சொன்னது

மார்ச் 4, செவ்வாய்
பதினொரு வருஷமாக, பெரிய நிறுவனங்களின் தலைவர்களோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதுதான் என் பிழைப்பு. வெளியே சொல்ல முடியாததை என்னிடம் சொல்வார்கள். அது இந்த அறையைத் தாண்டாது. இன்று குக்கர் ஆலையின் நிர்வாக இயக்குநர் மூன்றாம் முறையாக வந்தார். இரண்டாயிரம் பேர் அவர் சொல்லுக்கு எழுந்து நிற்பார்கள். நாற்காலியை என் முகத்துக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், எனக்குக் காது பாதிதான் கேக்குது. மிச்சத்தை உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கறேன். ஆறு வருஷமாச்சு. வீட்டுல கூடத் தெரியாது."

ஆறு வருஷம்! எத்தனை கூட்டம், எத்தனை உதடு!

மார்ச் 9, ஞாயிறு
தங்கை அந்த ஆலையில்தான் தரப் பரிசோதனைக்குப் பொறுப்பு. அவள் என் தங்கை என்பது இயக்குநருக்குத் தெரியும். அவர் என்னிடம் வருவது இவளுக்குத் தெரியாது. சாப்பிட வந்தவள் வெடித்தாள்.

"புது மூடியில விரிசல் விடுதுன்னு கூட்டத்துல ரெண்டு தடவை சொன்னேன்க்கா. எம்.டி. தலையைக் கூடத் திருப்பல. செவிடன் காதுல ஊதின சங்குதான்! வெள்ளிக்கிழமை ராஜினாமா."

ஒரே ஒரு வார்த்தை — சொன்னால் இவள் வேலை தப்பும். என் வாக்கு?

"எழுதிக் குடுத்துப் பாரேன்" என்றேன்.

"எழுதினா மட்டும்?" என்று எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்
அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "கூட்டத்துல உங்க காதுக்கு எட்டாமப் போனது என்னன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துக்கொண்டே இருந்தார். "தெரியாது மேடம்... ஐயோ, தெரியவே தெரியாதே."

மார்ச் 13
தங்கை போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை.

மார்ச் 14, வெள்ளி
மூச்சிரைக்க வந்தாள் தங்கை. ராஜினாமாக் கடிதம் பையிலேயே இருக்கிறதாம்.

"தகடு அடிக்கற பிரஸ் ஷாப்ல, காதைப் பொளக்கற மெஷினையெல்லாம் எம்.டி. நிறுத்தச் சொன்னாருக்கா. எல்லார் முன்னாடியும் நின்னு, 'எனக்குக் காது சரியாக் கேக்காது. மறைச்சேன், தப்பு. நீங்க சொல்லி நான் கேக்காம விட்டது எதுவா இருந்தாலும் இப்ப சொல்லுங்க'ன்னாரு. நான் விரிசலைச் சொன்னேன். அந்த மூடியையே நிறுத்திட்டாரு! நான்தான் என்னென்னமோ பேசிட்டேன்... என் வாயைக் கழுவணும்."

முதன்முறை கேட்பவள்போல முகத்தை வைத்துக்கொண்டேன். கண் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்
அவர் வரவில்லை, செய்தி மட்டும் வந்தது. அன்றைக்கு அவர் பேசி முடித்ததும், இருபது வருஷமாக அந்த பிரஸ் மெஷின் இரைச்சலில் வேலை செய்யும் ஒருவர் அருகில் வந்து, "எனக்கும் கேக்காது சார், வேலை போயிடும்னு சொல்லல" என்றாராம். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக நாற்பத்தொரு பேர். இன்று காது மருத்துவர் ஆலைக்கே வந்திருக்கிறார்.

"வரிசையில நிக்கறேன் மேடம். எனக்கு முன்னாடி இன்னும் பதினாறு பேர்."