டெமோவை அழித்த வாரம்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். பொம்மனஹள்ளி சிக்னலில் முக்கால் மணி நேரம். ஆபீஸ் காபி மெஷின் மறுபடி ரிப்பேர்.

எங்கள் வருகைப்பதிவு மென்பொருள் நான்கு இடங்களில் ஓடுகிறது: டெவ், டெஸ்ட், வாங்க வருபவர்களுக்குக் காட்டும் டெமோ, வாடிக்கையாளர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் ப்ராட். மூன்றை ஒரே நிரலுக்குள் (கோட்) கொண்டுவந்தாயிற்று. ஒரு கட்டளை போட்டால் சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் தானே எழும். டெமோ மட்டும் அநாதை. எவனோ கையால் க்ளிக் பண்ணிப் பண்ணிக் கட்டிவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டான். எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரிந்திருக்காது.

மேலாளர் கிரீஷ் பதினெட்டு ஸ்லைடு போட்டார். "கோட்ல இல்லாதது எதுவும் இருக்கக் கூடாது, ஆய்த்தா, சரியா?" கோட் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

நவம்பர் 11, செவ்வாய்

ஆபீஸ் குரூப்பில் மூன்றாவது முறை கேட்டேன்: டெமோவை யாராவது பயன்படுத்துகிறீர்களா? பதிலுக்கு இரண்டு கட்டைவிரல். ஆமாம் என்றா, இல்லை என்றா?

விற்பனைப் பிரிவு பிரவீனிடம் நேரில். போனிலிருந்து தலை தூக்கவில்லை. "டெமோவா? அது சும்மா காட்டறதுக்குத்தானே."

மாலை 4. அழித்தேன். டேட்டாபேஸுக்குக் கடைசிப் பிரதி வேண்டுமா என்று சிஸ்டம் கேட்டது. குப்பைக்கு எதற்குப் பிரதி? வேண்டாம். நிரலிலிருந்து புது டெமோ, இருபது நிமிடம். காலி. சுத்தம். அழகு.

வாங்க வேண்டியவை: குடை, மிளகு, சார்ஜர்.

நவம்பர் 12, புதன்

6.40க்கு கிரீஷ் போன். பீன்யாவில் ஒரு மின்விசிறித் தொழிற்சாலை. வாசலில் முகம் பார்க்கும் மெஷின் யாரையும் அடையாளம் காணவில்லை. இருநூறு பெண்கள் வெளியே. மழை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் கதவைக் கையால் திறந்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். பிரவீன் அவர்களுக்கு டெமோவைக் காட்டினான். பிடித்துப்போனது. ப்ராடுக்கு மாற்றச் சொல்லாமல் அப்படியே விட்டுவிட்டான். இரண்டு வருடமாக அந்தப் பெண்களின் முகங்கள் டெமோவில். நேற்று நான்கு மணி வரை.

பிரவீன்: "மறந்தே போச்சுப்பா. நீ ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கலாம்ல?"

இவன் வாயிலிருந்து. ஆனால் சொன்னது சரிதான்.

நவம்பர் 13, வியாழன்

மெட்ரோவில் பீன்யா. ஒவ்வொரு முகமாக மறுபடி பதிவு. இந்த முறை ப்ராடில்.

லைன் சூப்பர்வைசர் சாந்தி: "நீங்கதானா மேடம், எங்க மூஞ்சியெல்லாம் அழிச்சது?" வரிசை முழுக்கச் சிரிப்பு. "இந்த வாட்டி கொஞ்சம் வெளுப்பா எடுங்க," என்றாள் ஒருத்தி.

பிறகு சாந்தி தனியாக வந்தாள். "சிரிக்கிறாளுங்க. ஆனா நேத்து எல்லாருக்கும் லேட் மார்க் உழுந்துருச்சு. கவிதாவுக்கு இது மூணாவது, மெமோ குடுப்பாங்க. உங்க கம்பெனி தப்புன்னு லெட்டர் குடுத்தா எடுத்துடறேன்னு எச்.ஆர். சொல்றாரு."

கவிதா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெஷின் முன் நின்றாள். முதல் தடவை பதியவில்லை. இரண்டாம் தடவை பதிந்தது.

மதியம் அவர்கள் கேன்டீனில் புளிசாதம்.

நவம்பர் 14, வெள்ளி

கிரீஷின் கடித வரைவு: 'வாடிக்கையாளர் தரப்பு நெட்வொர்க் கோளாறு.'

"அப்போ அவங்க லேட் மார்க்?"

"அது அவங்க உள் விவகாரம். நான் உன்னைத்தான்மா காப்பாத்தறேன்."

என்னையாம். பதினெட்டு ஸ்லைடைக் காப்பாற்றுகிறார்.

11.15. அவர்கள் எச்.ஆருக்கு நானே எழுதினேன், கிரீஷுக்கும் நகல். ஐந்து வரி. அழித்தது நான். பிரதி எடுக்காததும் நான். உங்கள் ஊழியர்கள் மேல் தவறில்லை. அனுப்பிவிட்டேன்.

கிரீஷ் மாலை வரை என் பக்கம் திரும்பவில்லை. நிம்மதி.

நவம்பர் 17, திங்கள்

வெயில். சாந்தி போன். "மார்க்கெல்லாம் எடுத்துட்டாங்க மேடம். மெமோவும் இல்ல." பின்னால் ஷிப்ட் மணி. வைத்துவிட்டாள்.

மதியம் கிரீஷ் மெயில். பாதுகாப்பு கருதி, எதையும் அழிக்கும் அனுமதி என்னிடமிருந்து நீக்கம். இன்னும் யாருக்கெல்லாம் இருக்கிறது என்று பட்டியலைத் திறந்து பார்த்தேன். நான்கு பேர். மூன்றாவது பெயர் பிரவீன்.