ஒரு வழியைவிட இரு வழி மலிவு

மார்ச் 3, செவ்வாய்

மாவு பிசையும் மெஷின் மறுபடி நின்றது. பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினேன், ஓடியது. எனக்குத் தெரிந்த ரிப்பேர் இது ஒன்றுதான்.

மத்தியானம் மகள் போன் செய்தாள். வெளிநாட்டில் ஐந்து வருஷமாகக் கணக்கு வேலை பார்க்கிறவள். "முடியலப்பா. வேலையை விட்டுட்டேன். வீட்டுக்கே வந்துடறேன்." நான் "வாம்மா" என்றேன். இன்னும் நாலு வார்த்தை சேர்த்திருக்கலாம். அந்த நேரம் பார்த்துத் தோன்றினால்தானே. "டிக்கெட்டை அப்பா போடறேன்" என்றேன்.

"ஒரு வழி போதும்ப்பா" என்றாள்.

மார்ச் 4, புதன்

காலையில் போனில் பார்த்தபோது ஒரு விலை. சாப்பிட்டுவிட்டுப் பார்த்தபோது வேறு விலை. கடை மூடும்போது மூன்றாவது. அதே விமானம், அதே நாள். பன் விலையை நான் இப்படி மாற்றினால் கடையில் ஒரு கண்ணாடி மிஞ்சாது.

என் மனைவியின் தம்பியிடம் கேட்டேன். அவனுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. "மாமா, நீங்க அடிக்கடி போய்ப் பார்க்கறீங்க. உங்களுக்கு ஆசைன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஏத்துது." அப்படியா? இவள் போனை வாங்கி, எனக்கு ஒன்றும் அவசரமில்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். அதே விலை. முகம் சரியாக அமையவில்லையோ என்னவோ.

மார்ச் 6, வெள்ளி

பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன். ரொட்டிதான் விடை.

காலையில் சுட்ட ரொட்டி ராத்திரி ஏழு மணிக்குப் பாதி விலை. ஏன்? நாளைக்கு அது விற்காது. விமான சீட்டும் அப்படித்தானே? விமானம் கிளம்பிவிட்டால் காலி சீட்டை வைத்து என்ன செய்வது? எனக்காவது மிஞ்சியதை ரஸ்க் போடலாம். அவர்களுக்கு அதுவும் கிடையாது. அப்படியானால் நாள் நெருங்க நெருங்க விலை இறங்கியே தீரணும்.

காத்திருப்பது என்று முடிவு. இவளிடம் சொன்னேன். "ரொட்டி சுடறவர் விமானக் கம்பெனிக்குப் பாடம் எடுக்கறார்" என்றாள்.

மார்ச் 10, செவ்வாய்

இறங்கவில்லை. நாலு மூட்டை மைதா வாங்கும் அளவுக்கு ஏறியிருக்கிறது.

"என்னாச்சு உங்க ரொட்டி?" என்றாள். "இன்னும் ஏழு மணி ஆகலை" என்றேன். வாய் மட்டும் குறைச்சலில்லை எனக்கு.

மார்ச் 12, வியாழன்

தாங்கமுடியாமல் டிராவல்ஸ்காரரிடம் போனேன். மாடியில் சின்ன அறை, ஒரு மேஜை, ஓடாத ஏசி. என் ரொட்டிக் கணக்கை முழுதாகச் சொன்னேன். மனுஷன் பொறுமையாகக் கேட்டார்.

"கடைசி நாள்ல டிக்கெட் வாங்கறவன் யாரு சார்? ஆஸ்பத்திரி, சாவு, ஆபீஸ் அவசரம். அவன் போயே ஆகணும். விலையா பார்ப்பான்? உங்க கடைக்கு ஏழு மணிக்கு வர்றவன் விலைக்காகவே வர்றவன். ரெண்டும் வேற ஆளு. சரி, ஒண்ணு கேக்கறேன். பாதி விலைன்னு போர்டு வெச்ச பிறகு, நாலு மணிக்கு வந்துக்கிட்டிருந்த யாராவது ஏழு மணிக்கு மாறினாங்களா?"

எதிர்வீட்டு வாத்தியார். ஆறரையிலிருந்தே கடை வாசலில் பேப்பர் படிப்பதுபோல் நிற்பார். ஒரே பக்கத்தை.

"அதேதான். கடைசியில இறக்கினா ஊரே காத்திருக்கும்."

அதுவாவது புரிந்தது. அடுத்தது மண்டையைக் குழப்பிவிட்டது. ஒரு வழி டிக்கெட்டைவிட, போய்த் திரும்பும் டிக்கெட் விலை குறைவு. ஒரு ரொட்டியைவிட இரண்டு ரொட்டி மலிவு! எப்படி?

"திரும்பிப் போற டிக்கெட் எடுக்கறவன் லீவுல ஊர் சுத்தறவன். விலை கூடினா வீட்லயே இருந்துடுவான். அவனைக் கெஞ்சிக் கூப்பிடணும். ஒரு வழி கேக்கறவன் பெரும்பாலும் வேற வழியில்லாம கேக்கறவன்."

திரும்பும் நாள் சும்மா ஒரு பேச்சுக்கு ஏப்ரல் 27 என்று போட்டார். பாதி வழியைத் தூக்கி எறிந்தாலும் நமக்கு லாபம். படியில் இறங்கும்போது விசில் அடித்தேன். இந்த வயசில்.

மார்ச் 13, வெள்ளி

டிக்கெட்டை மகளுக்கு அனுப்பிவிட்டேன். விவரம் ஒன்றும் எழுதவில்லை. நேரில் சொன்னால் சுவாரசியமாக இருக்கும்.

மார்ச் 14, சனி

பதில் இல்லை. தூங்கியிருப்பாள்.

மார்ச் 15, ஞாயிறு

பதில் வந்தது. "டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுங்கப்பா. ஒரு மாசத்துல திரும்பணும்னா எதுக்கு வரணும்? இங்கயே வேற வேலை தேடிக்கறேன். நீங்க கவலைப்படாதீங்க."

நாலு தரம் படித்தும் எனக்கு உறைக்கவில்லை. இவள்தான் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். "கடவுளே. அவ வர்றதுக்கு முன்னாடியே அவளை அனுப்ப நாள் குறிச்சிருக்கீங்க."

"இல்லடி, விலை குறைச்சல்..."

"அது உங்களுக்கும் அந்த மாடிக்காரருக்கும் தெரியும். அவளுக்கு? முடியலன்னு சொன்ன பொண்ணுக்கு?"

வேற வழியில்லாம கேக்கறவன் என்று அவர் சொன்னபோது நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விலை போடுகிற கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கிறது. பெத்தவனுக்குத் தெரியல.

உடனே போன் போட்டேன். ரொட்டி, ரஸ்க், வாத்தியார், லீவுக்காரன் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கே நான் சொல்வது புளுகுபோல் கேட்டது. எவன் நம்புவான் இரண்டு ஒன்றைவிட மலிவு என்று? "சரிப்பா" என்றாள். நம்பாதவர்கள் சொல்லும் சரி.

மார்ச் 16, திங்கள்

திரும்பும் பாதியை மட்டும் ரத்து செய்து அவளுக்குக் காட்டிவிடலாம் என்று விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள்: திரும்பும் பாதியை எடுத்துவிட்டால் இது ஒரு வழி டிக்கெட் ஆகிவிடும், ஆகவே வித்தியாசத்தை நான் கட்டவேண்டும்.

"அம்மா, நான் பொருளைத் திருப்பிக் குடுக்கறேன். வாங்கலை."

"ஆமாம் சார். அதுக்குத்தான் சார்."

போகட்டும், கட்டித் தொலைப்போம். கட்டுவதற்கு முன்னால் மகளிடம் சொன்னேன். "எவ்வளவு கேக்கறாங்க?" என்றாள். சொன்னேன்.

அந்தப் பக்கம் கணக்குக்காரி விழித்துக்கொண்டாள். "உங்களுக்கென்ன பைத்தியமாப்பா? போகாம இருக்கறதுக்கு யாராவது காசு கட்டுவாங்களா? பேசாம விட்டா தானா காலாவதி ஆகிடும். ஒரு பைசா கட்டாதீங்க."

போகாம இருக்கறதுக்கு. அவள் வாயாலேயே வந்தது. அவள் கவனித்தாளா தெரியாது.

அப்புறம் கேட்டாள்: "நான் அங்கயே இருந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்காதாப்பா? கேக்கறவங்களுக்கு என்ன சொல்லுவீங்க?"

"கடைக்குக் கணக்குப் பார்க்க ஆள் வந்திருக்குன்னு சொல்லுவேன். சம்பளம் கம்மி, ரொட்டி இலவசம்."

சிரித்தாளா அழுதாளா, போனில் சரியாகக் கேட்கவில்லை.

மார்ச் 28, சனி

வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். பக்கத்து சீட்டுக்காரர் அவள் டிக்கெட்டில் பாதி விலைதான் கொடுத்தாராம். வண்டியில் வரும் வழியெல்லாம் ஏன், எப்படி என்று அதையே பேசிக்கொண்டு வந்தோம். இவள் முன்சீட்டில் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 11, சனி

பகலெல்லாம் தூங்குகிறாள். தூங்கட்டும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வாத்தியார் அவளிடம், "எப்பம்மா திரும்பறே?" அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு முன்னால் இவள் உள்ளேயிருந்து, "ரொட்டி வாங்க வந்தீங்களா, பேப்பர் படிக்க வந்தீங்களா சார்?"

ஏப்ரல் 27, திங்கள்

சீட் தேர்ந்தெடுக்கச் சொல்லி நேற்றே கம்பெனியிலிருந்து செய்தி. நான் யாரிடமும் சொல்லவில்லை. இவளுக்கும் தேதி தெரியும், இவளும் சொல்லவில்லை. மகள் காலையில் குளித்து, நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு, கைப்பையோடு "வெளிய போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டாள். எங்கே என்று கேட்க எங்கள் இருவருக்கும் தைரியமில்லை. ஒரு தட்டு பன்னைக் கருக்கினேன்.

விமானம் கிளம்பும் நேரம் தாண்டியபிறகு கடைக்கு வந்தாள். கல்லாவில் ஓர் அட்டையை வைத்தாள். பஸ் பாஸ். ஒரு வருஷத்துக்கு.

"வேலை தேடி அலையணும்ல. மாசா மாசம் எடுக்கறதைவிட வருஷத்துக்கு எடுத்தா ரொம்பக் குறைச்சல்ப்பா."

விலைக்காக எடுத்தாளா, இல்லை வருஷத்துக்காகவா? கேட்க வாய் வரை வந்தது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"நல்ல விலைதான்" என்றேன்.